'பட்' வந்த வழி

ஸ்காட்லாந்தின் பழைய கிராமத்து வீடுகளில் இரண்டே அறைகள்தான். கதவைத் திறந்து நுழைந்ததும் அடுப்பெரியும் முன்னறை. சமையல், சாப்பாடு, வந்து போகிறவர்களோடு பேச்சு எல்லாம் அங்கே நடக்கும். அதைத் தாண்டினால் உள்ளறை. வீட்டின் நல்ல அறை அதுதான். முன்னறைக்கு 'பட்' என்று பெயர், உள்ளறைக்கு 'பென்'. இரண்டையும் சேர்த்து, அந்த மாதிரி வீட்டையே 'பட் அண்ட் பென்' என்றார்கள். ஸ்காட்லாந்தில் இன்றும் அந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது.

நம் பிள்ளைகள் 'ஆனால்' என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்யும் 'பட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இந்த முன்னறையின் பெயரும் பிறப்பில் ஒன்று. 'வெளிப்பக்கம்' என்பதுதான் அதன் முதல் பொருள். ஓர் இடத்தைச் சுட்டப் பிறந்த சொல், பல நூற்றாண்டுகள் நடந்து, இரண்டு எண்ணங்களுக்கு நடுவே நின்று முரணைக் காட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 'பட்', 'தோ', 'ஆல்தோ', 'ஹவெவர்', 'டெஸ்பைட்', 'வைல்', 'வேர்ஆஸ்', 'யெட்', 'ஸ்டில்' என்று ஆங்கிலத்தில் முரண் காட்டும் சொற்கள் வரிசையாக இருக்கின்றன. நாமோ எல்லாவற்றுக்கும் 'ஆனால்', 'இருந்தாலும்' என்று இரண்டு பொருளை எழுதிப்போட்டுப் பாடத்தை முடித்துவிடுகிறோம். பிறகு ஒன்றை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்து, மதிப்பெண் குறைந்ததும் விழிக்கிறோம். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஊரிலிருந்து, வேறு வேறு வேலையிலிருந்து வந்தவை. பழைய வேலையின் பழக்கம் இன்னும் அவற்றைவிட்டுப் போகவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எதை எங்கே வைப்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் 'பூட்டன்'. 'பெ' என்றால் பக்கத்தில். 'ஊட்டன்' என்றால் வெளியிலிருந்து. இன்றைய 'அவுட்' அந்த 'ஊட்'டின் பேரப்பிள்ளை. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான டச்சு மொழியில் இதே சொல் 'பௌடன்' என்ற உச்சரிப்பில் இன்றும் 'வெளியே' என்ற பொருளை மாற்றாமல் வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 'பௌடன்கான்ட்' என்றொரு தெரு உண்டு. 'வெளிப்பக்கத் தெரு' என்று பொருள். டச்சுக்காரர்கள் ஊரைக் கட்டிய காலத்தில் அதுதான் ஊரின் விளிம்பு. இன்று அது நகரத்தின் நடுவில் இருக்கிறது, பெயர் மட்டும் விளிம்பிலேயே நிற்கிறது.

வெளியே என்ற பொருள் 'இல்லாமல்' என்று எப்படி மாறியது? அதற்கும் டச்சுக்காரர்களே ஒரு சாட்சியை விட்டுப்போயிருக்கிறார்கள். ஜாவா தீவில் இன்று போகோர் என்று அழைக்கப்படும் ஊரில், பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்களுடைய தலைமை ஆளுநர் ஓய்வுக்காக ஒரு மாளிகை கட்டினார். அதற்கு வைத்த பெயர் 'பௌடன்சோர்க்'. கவலைக்கு வெளியே இருக்கும் இடம். அதாவது கவலை இல்லாத இடம். ஒரு பொருளுக்கு வெளியே நிற்பவனிடம் அந்தப் பொருள் இல்லை. இடத்தைச் சொன்ன சொல் இன்மையைச் சொல்லும் சொல்லாக மாற இந்த ஒரு அடி போதும்.

'வித்அவுட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வழியில் வந்ததுதான். லண்டனில் பிஷப்ஸ்கேட் பகுதியில் உள்ள புனித போடால்ஃப் தேவாலயத்தின் பெயரில் 'வித்அவுட்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசல் இல்லாத தேவாலயம் என்று பொருள் கொண்டால் தவறு. பழைய நகர மதிலின் பிஷப் வாசலுக்கு வெளியே இருந்த கோயில் என்று பொருள்.

'பட்' அடுத்து எடுத்து வைத்த அடி 'தவிர' என்ற பொருள். ஊரார் எல்லாரும் வந்தார்கள், ஒருவன் மட்டும் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றான் என்றால், அவனைத் தவிர எல்லாரும் வந்தார்கள் என்று ஆகிறது. இன்றைய ஆங்கிலத்திலும் 'நத்திங் பட்', 'ஆல் பட் ஒன்', 'லாஸ்ட் பட் ஒன்' என்ற தொடர்களில் 'பட்'டுக்குத் 'தவிர' என்பதே பொருள். 'நத்திங் பட் த ட்ரூத்' என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்யும்போது உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்கிறோம். அங்கே 'ஆனால்' என்று பொருள் வைத்துப் பார்க்கும் மாணவனுக்குத் தலை சுற்றும். அது அவன் தவறில்லை, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்தின் சாட்டன் குலத்தாருக்கு ஒரு குலவாசகம் உண்டு. கையுறை இல்லாமல் பூனையைத் தொடாதே என்பது அதன் கருத்து. 'இல்லாமல்' என்ற இடத்தில் அந்த வாசகத்தில் இருப்பது 'பாட்' என்று எழுதப்பட்ட நம் 'பட்'தான். பூனை அவர்களுடைய சின்னம், காட்டுப்பூனை. அந்தக் குலத்தைச் சேர்ந்த மக்கின்டாஷ் குடும்பத்தார் இன்றும் அதைத் தங்கள் முத்திரையில் போட்டுக்கொள்கிறார்கள். சொல் ஒரு மூலையில் வளர்ந்து மாறிப்போனாலும் இன்னொரு மூலையில் பழைய பொருளோடு உயிர்வாழும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சட்டத்துறையில் 'பட் ஃபார்' சோதனை என்று ஒன்று இருக்கிறது. இந்திய வழக்கறிஞர்களும் படிக்கிற பாடம். ஒருவருடைய தவறுதான் இன்னொருவருக்கு நேர்ந்த கேட்டுக்குக் காரணமா என்று பார்க்க, அந்தத் தவறு இல்லாதிருந்தால் கேடு நடந்திருக்குமா என்று கேட்பார்கள். 1960-களில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சட்ட மாணவர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள். இரவுக் காவலாளிகள் மூவர் தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். மருத்துவர் நேரில் பார்க்காமல், வீட்டுக்குப் போய் உங்கள் மருத்துவரைப் பாருங்கள் என்று செவிலியர் மூலம் சொல்லி அனுப்பினார். ஒருவர் இறந்துபோனார், தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. மருத்துவர் கடமையில் தவறினார் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அவர் உடனே பார்த்திருந்தாலும் அந்த மனிதரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதால், சாவுக்கு அந்தத் தவறு காரணமில்லை என்று விதவையின் வழக்கைத் தள்ளிவிட்டது. 'பட் ஃபார்' என்ற இரண்டு சொல்லில் 'இது இல்லாவிட்டால்' என்ற பழைய பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சரி, 'தவிர' என்பதிலிருந்து 'ஆனால்' எப்படி வந்தது? 'அவன் நல்லவன், ஒன்றைத் தவிர' என்று நாமும் சொல்வோம். அந்த 'ஒன்று' ஒரு முழு வாக்கியமாக நீளும்போது, தவிர்ப்பு முரணாகிவிடுகிறது: அவன் நல்லவன், ஆனால் கோபக்காரன். சொல்லியதிலிருந்து ஒரு பகுதியை வெளியே எடுத்து வைக்கும் செயல்தான் 'பட்'டின் முரண். 'எல்லாம் சரி, இதை மட்டும் கணக்கில் சேர்க்காதே' என்பது அதன் ஆதிக்குரல்.

பழைய ஆங்கிலத்தில் 'ஆனால்' என்பதற்கு வேறொரு சொல் இருந்தது: 'ஆக்'. 'பட்' வளர வளர 'ஆக்' ஒதுங்கியது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டும் ஒரே காலத்தில் நின்றதை நாம் பார்க்க முடிகிறது. மேற்கு மிட்லாண்ட்ஸ் பேச்சுவழக்கில் எழுதிய லாங்லண்ட், தம் 'பியர்ஸ் பிளவ்மன்' நெடுங்கவிதையில் 'ஆக்' என்ற சொல்லை நிறையப் பயன்படுத்துகிறார். அதே தலைமுறையில் லண்டன் ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர் சாசரிடம் 'பட்'தான் வருகிறது. லண்டன் வழக்கு வென்றது. 'ஆக்' ஆங்கிலத்திலிருந்தே மறைந்துபோனது. இன்று அதை அகராதிக்காரர்கள்தாம் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையே இன்னொரு மாற்றமும் நடந்தது. 'அவன் ஒரு குழந்தையைத் தவிர வேறில்லை' என்ற பொருளில் எதிர்மறையோடு சேர்த்துச் சொன்ன தொடரில், எதிர்மறைச் சொல் மெல்ல உதிர்ந்தது. மிஞ்சியது 'ஹீ இஸ் பட் எ சைல்ட்'. அவன் வெறும் குழந்தைதான் என்று பொருள். பழைய பாடநூல் கவிதைகளில் இந்த 'பட்'டைப் பார்த்து 'ஆனால்' என்று மொழிபெயர்த்தால் வரி முறிந்துபோகும்.

ஒலியும் தேய்ந்தது. 'பூட்டன்' என்பதில் 'பூ' நெடில். வாக்கியத்துக்கு நடுவே அழுத்தமில்லாமல் ஓடுகிற சொல்லாக ஆனதால் அந்த நெடில் குறுகிக் குறிலாயிற்று. அழுத்தம் குறையாத ஓர் இடத்தில் மட்டும் அது நீண்டே இருந்தது. 'ஆன்' என்ற முன்னொட்டோடு சேர்ந்த 'ஆன்பூட்டன்', வெளிப்புறமாகச் சுற்றி என்ற பொருளில் வழங்கி, இன்று 'அபௌட்' ஆகியிருக்கிறது. 'அபௌட்' என்ற சொல்லுக்குள் ஒரு 'பட்' இருக்கிறது என்று சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்கலாம். ஆசிரியர்கள் முயன்று பாருங்கள்.

'பட்' தனியாக நடக்கவில்லை. வழியில் சேர்ந்துகொண்ட தோழர்களையும் பார்த்துவிட வேண்டும். இவர்களிடம்தான் நம் மாணவர்கள் அதிகம் இடறுகிறார்கள்.

'தோ' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்திலேயே ஒரு முன்னோர் உண்டு. இன்றைய வடிவம் மட்டும், இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் 'ஆல்' சேர்ந்தது 'ஆல்தோ'. 'தோ' ஒரு வாக்கியத்தைச் சார்புநிலைக்கு இறக்கிவிடும். பிறகு தலைமை வாக்கியம் தனியே வரும். அதனால் 'தோ இட் ரெயின்ட், பட் தே பிளேய்ட்' என்று எழுதினால் ஒரே முரணை இரண்டு முறை சொன்னதாகிறது.

இந்தப் பிழை தமிழ் மாணவர்களிடம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என் கணிப்பு இது. தமிழில் முரணைக் காட்டும் உறுப்பு முதல் வாக்கியத்தின் கடைசியில், இரண்டு வாக்கியமும் சேரும் மூட்டில் இருக்கிறது: 'மழை பெய்தாலும் விளையாடினார்கள்'. அந்த 'ஆலும்' நிற்கும் மூட்டு ஆங்கிலத்தில் வெறுமையாக இருக்கிறது, வெறும் காற்புள்ளிதான். தமிழ்க் காதுக்கு அங்கே ஏதோ குறைகிறது. குறையை 'பட்' போட்டு நிரப்பிவிடுகிறோம். இதை மூளைக்குறைவு போலக் கண்டிப்பது அநியாயம். 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில்கூட 'தோ' என்று தொடங்கி, மூட்டில் 'யெட்' வைக்கும் வாக்கியங்கள் உண்டு. மூட்டில் ஏதாவது வேண்டும் என்று மனம் கேட்டால் 'யெட்' வைக்கலாம், கொஞ்சம் பழைய மணம் வீசும், பிழையாகாது. 'பட்' மட்டும் கூடாது.

'டெஸ்பைட்' வந்தது பிரெஞ்சு வழியாக. அதன் லத்தீன் மூலத்துக்கு மேலிருந்து கீழே பார்ப்பது, இழிவாகப் பார்ப்பது என்று பொருள். ஆக, அது பிறப்பில் ஒரு பெயர்ச்சொல்: அவமதிப்பு. 'இன் டெஸ்பைட் ஆஃப்' என்றால் ஒன்றை மதிக்காமல் என்று அர்த்தம். மழையை மதிக்காமல் விளையாடினார்கள் என்று நாமும் சொல்கிறோமே, அதே எண்ணம்தான். பிறகு அந்தத் தொடர் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் 'டெ' உதிர்ந்து 'இன் ஸ்பைட் ஆஃப்' ஆயிற்று. இன்னொன்றில் 'இன்', 'ஆஃப்' இரண்டும் உதிர்ந்து வெறும் 'டெஸ்பைட்' ஆயிற்று. 'டெஸ்பைட் ஆஃப்' என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். பெயர்ச்சொல்லிலிருந்து வந்ததால் அதன் பின்னால் பெயரோ, 'பீயிங் இல்' போன்ற தொழிற்பெயரோதான் வரவேண்டும். 'டெஸ்பைட் ஹீ வாஸ் இல்' என்பது நிற்காது. எதை மதிக்காமல் என்று கேட்டுப் பார்த்தால், பதிலாக ஒரு பெயர்தான் வரும், வாக்கியம் வராது.

'ஸ்டில்' அசையாமல் இருப்பது. அசையாமல் இருப்பது தொடர்ந்து இருப்பதாகி, இன்னமும் இருப்பதாகி, கடைசியில் 'அப்படியிருந்தும்' என்று முடிந்தது. 'வைல்' ஒரு பொழுது. இரண்டு காரியம் ஒரே பொழுதில் நடந்தால் ஒப்பிடத் தோன்றும், அதனால் முரண். 'வேர்ஆஸ்' சட்ட எழுத்தர்களின் பிள்ளை; ஒன்றைக் கருத்தில் கொண்டு என்ற பொருளில் பத்திரங்களின் தலைப்பில் உட்கார்ந்திருந்தது. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முகப்புரை 'வேர்ஆஸ்' என்றுதான் தொடங்கியது. 'நாட்வித்ஸ்டாண்டிங்' குறுக்கே நிற்காமல் என்று பொருள்படும் லத்தீன் சட்டத்தொடரின் ஆங்கிலப் பெயர்ப்பு. நம் அரசியலமைப்பின் 226-வது பிரிவு அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. உச்ச நீதிமன்றத்துக்கு 32-வது பிரிவில் அதிகாரம் கொடுத்திருந்தும், உயர் நீதிமன்றங்களுக்கும் ரிட் பிறப்பிக்கும் அதிகாரம் உண்டு என்று அந்தப் பிரிவு சொல்கிறது. சென்னையிலோ மதுரையிலோ ரிட் மனு போடுகிற ஒவ்வொருவரும் அந்த முரண்சொல்லின் நிழலில்தான் நிற்கிறார்.

'ஹவெவர்' கதை சற்றுப் பெரிது. 'எப்படியானாலும்' என்பதே அதன் முதல் பொருள். 'எவ்வளவு முயன்றாலும்' என்று சொல்ல இன்றும் அது பயன்படுகிறது. 'அது எப்படியானாலும் போகட்டும்' என்ற முழுத் தொடர் சுருங்கி, 'இருந்தபோதிலும்' என்ற பொருள் பிறந்தது. அது வினையடை. இரண்டு வாக்கியத்தைச் சேர்த்துக் கட்டும் கயிறு அதனிடம் இல்லை. 'பட்'டுக்கு முன் காற்புள்ளி போதும். 'ஹவெவர்' வந்தால் முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி வேண்டும். 'பட்'டுக்குப் பின்னால் காற்புள்ளி போடும் பழக்கம் இதைப் பார்த்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். விட்டுவிட வேண்டிய பழக்கம்.

கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-ல் வெளியிட்ட சிறு நடைக்கையேட்டில், 'இருந்தபோதிலும்' என்ற பொருளில் 'ஹவெவர்' வாக்கியத்தின் தொடக்கத்தில் வரக்கூடாது என்று விதி போட்டார். தொடக்கத்தில் வந்தால் 'எப்படியானாலும்' என்ற பழைய பொருள் எட்டிப்பார்க்கும் என்பது அவர் கவலை. பின்னால் காற்புள்ளி போட்டுவிட்டால் அந்தக் கவலைக்கு இடமில்லை. இன்று நல்ல எழுத்தாளர்கள் அந்த விதியைப் பொருட்படுத்துவதில்லை. 'பட்' என்று வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது என்ற பள்ளிக்கூடத் தடைக்கு அந்த அளவு காரணம்கூட இல்லை. 1611 பைபிளில் 'பட்' என்று தொடங்கும் வாக்கியங்கள் ஏராளம். ஆங்கிலப் பதிப்பாளர்கள் வேதமாகக் கொள்ளும் 'சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல்', இந்தத் தடைக்கு வரலாற்றிலும் இலக்கணத்திலும் அடிப்படை இல்லை என்று எழுதியிருக்கிறது. முதல்தர எழுத்தில் 10 விழுக்காடு வாக்கியங்கள்வரை இணைப்புச் சொல்லில் தொடங்கக்கூடும் என்றும் சொல்கிறது. சிறு பிள்ளைகள் எடுத்ததற்கெல்லாம் துண்டு வாக்கியம் எழுதுகிறார்களே என்று ஆசிரியர்கள் போட்ட தற்காலிக வேலி, நிரந்தர மதிலாக நின்றுவிட்டது. கல்லூரியிலும் அதைக் காக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது வடிவம். பொருளில் 'பட்' செய்யும் வேலை இன்னும் ஆழமானது.

ஜெர்மானியத் தர்க்கவியலாளர் காட்லோப் ஃபிரேகே, 1879-ல் தாம் உருவாக்கிய குறியீட்டு மொழியில் 'அண்ட்' இருந்தால் போதும், 'பட்' தேவையில்லை என்று முடிவு செய்தார். 'அவன் வந்தான், ஆனால் பேசவில்லை' என்ற வாக்கியம் உண்மையாக இருக்க, அவன் வந்திருக்க வேண்டும், பேசாதிருக்க வேண்டும், அவ்வளவுதான். 'ஆனால்' என்ற சொல் உண்மைக்கணக்கில் எதையும் கூட்டுவதில்லை. பின்னே எதற்கு அது? வரப்போவது நீ முதலில் எதிர்பார்க்கக்கூடியதற்கு மாறானது என்று கேட்பவனுக்கு ஒரு சாடை காட்டத்தான் என்று ஃபிரேகே எழுதினார். முரண் இரண்டு செய்திகளுக்கு நடுவே இருப்பதில்லை. செய்திக்கும் எதிர்பார்ப்புக்கும் நடுவே இருக்கிறது. எதிர்பார்ப்பை யாரும் சொல்லவில்லை, 'பட்' என்ற ஒற்றைச் சொல் அதைச் சபைக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

1971-ல் ராபின் லேக்காஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 'பட்'டின் முரணை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வெறும் எதிரெதிர்: அண்ணன் உயரம், தம்பி குள்ளம். இன்னொன்று, எதிர்பார்ப்பு பொய்த்தது: ஆள் உயரம், ஆனால் கூடைப்பந்து வராது. எது எங்கே என்ற கேள்விக்கு விடை இந்தப் பிரிவில் இருக்கிறது. முதல் வகைக்கு 'பட்', 'வைல்', 'வேர்ஆஸ்' பொருந்தும். 'ஆல்தோ', 'டெஸ்பைட்' பொருந்தா. அண்ணன் உயரமாக இருப்பதையும் மீறித் தம்பி குள்ளமாகிவிடவில்லையே. இரண்டாம் வகைக்கு 'பட்', 'ஆல்தோ', 'டெஸ்பைட்' பொருந்தும், 'வேர்ஆஸ்' பொருந்தாது. மழை பெய்தது, ஆட்டம் நடந்தது என்பதை 'வேர்ஆஸ்' போட்டு இணைத்தால் மழையையும் ஆட்டத்தையும் தராசில் வைத்து ஒப்பிடுவது போலாகிவிடும். எழுத உட்காரும் மாணவன் தன்னையே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இங்கே ஒப்பிடுகிறேனா, எதிர்பார்ப்பை முறிக்கிறேனா?

வரிசையும் பொருளைத் தீர்மானிக்கிறது. 'வீடு சின்னது, ஆனால் சுத்தமாக இருக்கிறது' என்றவர் வீட்டுக்குக் குடிவந்துவிடுவார். 'சுத்தமாக இருக்கிறது, ஆனால் சின்னது' என்றவர் தரகரோடு அடுத்த வீட்டைப் பார்க்கப் போவார். 'பட்'டுக்குப் பின்னால் வருவதே பேசுபவரின் முடிவு. மாணவரின் விடைத்தாளில் குறிப்பு எழுதுகிற ஆசிரியர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. 'கையெழுத்து மோசம், ஆனால் கருத்து அருமை' என்று எழுதினால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

இந்தச் சொல் இந்திய வகுப்பறைக்கு வந்த வழியில் ஒரு புத்தகத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்த பி. சி. ரென், மார்ட்டினோடு சேர்ந்து எழுதிய 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணம், 1930-களிலிருந்து தலைமுறை தலைமுறையாக இங்கே ஆங்கிலம் கற்பித்திருக்கிறது. 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவரும் அந்த ரென்தான். சமநிலை இணைப்புச் சொற்களை நான்கு வகையாகப் பிரித்து, அதில் ஒன்றை முரணிணைப்பு என்று தனியே வைத்தது அந்தப் புத்தகம். அங்கிருந்து நோட்ஸ்களுக்கும், நோட்ஸ்களிலிருந்து வினாத்தாளுக்கும் 'பட்' வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்தவர்களுக்கு அந்தக் கரும்பலகை அட்டவணை நினைவிருக்கும். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மூன்று கட்டம். முதல் கட்டத்தில் 'இன் ஸ்பைட் ஆஃப்', இரண்டாவதில் 'பட்', மூன்றாவதில் 'தோ'. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றாக மாற்றச் சொல்வார்கள். வடிவத்தைப் பழக இது நல்ல பயிற்சிதான், நான் குறை சொல்லமாட்டேன். குறை அதற்கு எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டில் இருக்கிறது. 'அவன் ஏழை, ஆனால் நேர்மையானவன்' என்ற வாக்கியத்தைக் காலங்காலமாக நம் பிள்ளைகள் மூன்று வடிவத்திலும் எழுதிப் பழகுகிறார்கள்.

பால் கிரைஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1961-ல், சொல்லாமல் உணர்த்தப்படும் பொருளை விளக்க இதே போன்றதொரு வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொண்டார்: அவள் ஏழை, ஆனால் நேர்மையானவள். ஏழ்மைக்கும் நேர்மைக்கும் ஏதோ பகை என்ற குறிப்பு 'பட்' என்ற சொல்லால் மட்டுமே உள்ளே நுழைகிறது என்பதைக் காட்டினார். தத்துவ வகுப்பில் அந்தக் குறிப்பைப் பிரித்தெடுத்துக் காட்டுகிறார்கள். நம் வகுப்பிலோ யாரும் அதைத் தொடுவதில்லை. கூலிவேலைக்குப் போகும் அப்பா அம்மாவின் பிள்ளை, ஏழை என்றால் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்ற எண்ணத்தைத் தன் கையாலேயே மூன்று முறை எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் வாங்குகிறது. 'தோ' போட்டாலும் 'இன் ஸ்பைட் ஆஃப்' போட்டாலும் அந்தக் குறிப்பு போவதில்லை. ஏழ்மையையும் மீறி நேர்மையாக இருக்கிறான் என்று இன்னும் அழுத்தமாகிறது.

சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால் காற்புள்ளியைச் சரியாக வைப்பதோடு முடிவதில்லை. எந்த எதிர்பார்ப்பின்மேல் 'பட்' நிற்கிறதோ அது நியாயமானதா என்று பார்ப்பதும் அதில் சேர்த்திதான். மழை பெய்தால் ஆட்டம் நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். பேருந்து தாமதமானால் பள்ளிக்குத் தாமதமாவோம் என்று எதிர்பார்ப்பது நியாயம். காய்ச்சல் வந்தவர் படுத்திருப்பார் என்று எதிர்பார்ப்பதும் நியாயம். இவற்றை வைத்து எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் மாற்றப் பழகலாம்.

ஆங்கில ஆசிரியர்களையும் வினாத்தாள் தயாரிப்பவர்களையும் நோட்ஸ் எழுதுகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஏழையையும் நேர்மையையும் 'பட்' போட்டுப் பிரிக்கும் அந்த வாக்கியத்தை உங்கள் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மழையில் நடந்த ஒரு கபடி ஆட்டத்தை எழுதுங்கள்; இலக்கணம் அதிலும் முழுதாக இருக்கும்.